நோயைத் தேடிச் சென்றவர்கள்

இருதய நோய் என்றவுடன் நம் கண்முன் தோன்றுபவர் யார்? நாற்பது வயதைக் கடந்து, தொந்தி சரிந்து, மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்கும் வசதி படைத்த மனிதர்தாம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் இருதய நோய் ஒன்றும் உண்டு. அந்நோய் கண்ட சிறுவனின் வயிறு பானைபோல் வீங்கும். கை கால்களோ குச்சியாய் மெலியும். இருதயத்தின் உட்சுவரில் தழும்பு படர்ந்து, தடித்து, தோல்போல் விறைத்துவிடுவதால் இரத்தம் உள்ளே வந்து நிரம்ப இடமிராது. என்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்பது அதன் பெயர். பெயரே வாயில் நுழையவில்லை என்று நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த நோய் நமக்கு அடுத்த மாநிலம் வரை வந்து வாழ்ந்திருக்கிறது.

உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் நோயியல் நிபுணராகப் பணியாற்றிய ஜே.என்.பி. டேவிஸ் என்பவர், இறந்தவர்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்து, 1948-இல் இந்நோயை விளக்கி எழுதினார். மருத்துவ நூல்கள் அவர் பெயரைச் சொல்கின்றன. நான் கேட்பது வேறு. தம் பிள்ளையின் உடலை அறுத்துப் பார்க்க ஒரு தாய் தந்தையரைச் சம்மதிக்க வைத்தவர் யார்? அவர்கள் மொழியில் பேசியவர் யார்? சவக்கிடங்கில் உடலைத் தூக்கி வைத்தவர், கண்ணாடித் தகட்டில் தசையைச் சீவி வைத்தவர், பதிவேட்டில் ஊரையும் வயதையும் பிழையின்றி எழுதியவர் யார்? ஊரின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் இந்நோய் எந்தப் பகுதியில் மிகுதி என்ற கேள்வியே எழுந்திராது. ஆராய்ச்சி என்பது ஓர் அறிஞரின் தலையில் மின்னலாய் உதிப்பது என்று பள்ளிப் பாடங்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் துணிபு.

இதற்கு மொசாம்பிக் நாட்டைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்நாட்டுப் பெண் மருத்துவர் அனா ஓல்கா மொக்கும்பியும் அவர் குழுவினரும் இன்யாரிமே என்ற கிராமப்புறப் பகுதிக்கு எக்கோ கருவியைக் கொண்டு சென்றனர். நோயாளி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. மக்களிடமிருந்து குலுக்கல் முறைபோல் 1,063 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் நெஞ்சிலும் கருவியை வைத்துப் பார்த்தனர். 2008-இல் முடிவு வெளியாயிற்று. 211 பேருக்கு நோய்! ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்! அவர்களுள் 48 பேருக்கு மட்டுமே ஏதேனும் அறிகுறி இருந்தது. மற்ற 163 பேரும் வயலுக்குப் போய்க்கொண்டும் பள்ளிக்குப் போய்க்கொண்டும் இருந்தவர்கள். ஆஸ்பத்திரிப் பேரேட்டை மட்டும் புரட்டியவர்களுக்கு இது அபூர்வ நோய். வீடு வீடாகச் சென்றவர்களுக்கு இது ஊர் நோய்.

"அபூர்வ நோய்க்கு ஏன் இவ்வளவு செலவு? காசநோயும் வயிற்றுப்போக்கும் போதாதா?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அபூர்வம் என்று சொன்னது யார், எங்கே உட்கார்ந்துகொண்டு எண்ணினார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் அல்லவா?

இனி நம் பக்கம் வருவோம். கேரளக் கடலோரத்தில் இந்நோய் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தழும்பை உரித்தெடுக்கும் கடினமான அறுவை சிகிச்சையைச் செய்தார். 1990-இல் இந்திய இருதய வால்வைப் பொருத்தி வெற்றி கண்ட நிலையமும் அதுவே. 2024-இல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் வால்வைப் பற்றியே எழுதின. எனக்கு அவருடைய இன்னொரு வேலைதான் பெரிதாகப் படுகிறது. அறுத்தெடுத்த தசையை அவர் குப்பையில் போடவில்லை. "இதில் என்ன தனிமங்கள் உள்ளன?" என்று கேட்டார். சி.சி. கர்த்தா முதலியோருடனும், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாருடனும் சேர்ந்து 1989-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, நோயுற்ற இருதயங்களில் தோரியமும் சீரியமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அவ்விரண்டும் மோனசைட் மணலில் உள்ளவை. சவராவிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் அதே மணல்!

மண்ணில் மக்னீசியம் குறைந்த இடத்தில் மரவள்ளி போன்ற கிழங்குகள் சீரியத்தை இழுத்துக்கொள்கின்றன; சத்துக் குறைந்த பிள்ளை அதைத் தின்னும்போது இருதயத்தில் தழும்பு உண்டாகிறது என்பது அவர்கள் கருத்து. எலிகளில் செய்த சோதனைகள் இதற்கு ஓரளவு துணை நின்றன. இரத்தத்தில் ஈயோசினோஃபில் அணுக்கள் பெருகுவதே காரணம் என்போரும் உண்டு. கிருமித் தொற்றைச் சொல்வோரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குள் கேரளத்தில் நோயே அருகிவிட்டது. சோறும் பாலும் பள்ளியும் சாலையும் வந்தன, நோய் போயிற்று. எது அதைத் துரத்தியது என்று அறியாமலே அது போய்விட்டது. போனது போகட்டும் என்று நாம் இருக்கலாம். இன்யாரிமேயில் இருக்கும் தாய் அப்படி இருக்க முடியாது.

வேதியியல் படிக்கும் எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. எங்கள் மரக்காணத்து உப்பளங்களில் பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். அந்நீரில் மக்னீசியம் மிகுதி. அங்கே பற்றாக்குறை என்று சந்தேகிக்கப்படும் பொருளை இங்கே நாம் கால்வாயில் விடுகிறோம்! இதை மருந்து என்று யாரும் எடுத்துக் குடித்துவிட வேண்டாம்.

டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காததால் மருத்துவ உலகின் கதவே நமக்கு அடைபட்டுவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தோரியத்தை அளந்தது அறுவைக் கத்தி அன்று, வேதியியலும் இயற்பியலும்தாம். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில். மறு பாதியினர் தத்தம் குடிசைகளில். இருவகையினரும் ஏறக்குறைய ஒரேபோல் குணமடைந்தனர் என்று 1959-இல் உலகுக்குத் தெரிந்தது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் அதை நடத்தினார். ஆனால் முன்னறிவிப்பின்றிக் குடிசைக்குப் போய், மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதனைக்கு வாங்கி வந்தவர்கள் நர்சுகளும் ஹெல்த் விசிட்டர்களும். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டால் நம் மக்கள் முகம் கோணாமல் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பாமலும், நம்பவில்லை என்று காட்டிக்கொள்ளாமலும் இருக்கத் தெரிந்தவர்களின் கையில் அந்த ஆராய்ச்சி இருந்தது. எந்தப் பட்டப்படிப்பில் அதைச் சொல்லித் தருகிறார்கள்?

இதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவுக்குச் சிலர் வந்தனர். உப்பு வாரும் பெண்களை வரிசையில் உட்கார வைத்து இரத்தம் எடுத்தனர். என் தாயும் கையை நீட்டினார். ஒரு தாளில் கைநாட்டு வாங்கினர்; தாளில் இருந்தது ஆங்கிலம். முடிவைச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை. "என் ரத்தத்துல என்னடா இருந்துச்சாம்?" என்று அம்மா நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த ஆராய்ச்சிக்கும் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இன்யாரிமேயில் அறிகுறியின்றி நோய் கண்டுபிடிக்கப்பட்ட 163 பேரிடம் என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், மறு ஆண்டு யார் போய்ப் பார்த்தார்கள் என்பதில்தான் அந்தப் பணியின் தரம் இருக்கிறது. எண்ணிக்கை ஏட்டில் ஏறுவது பாதி வேலை.

நல்ல வேலையும் நடக்காமல் இல்லை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரைச் சோதித்த ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்தார், அவர்களில் பெரும்பாலோர் வரம்பு கடந்த வெயிலில் வேலை செய்வதை 2023-இல் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகத்தைப் பற்றியும் சொல்கிறார்கள். வங்கதேசக் கடலோரத்தில் உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் ஊரிலும் சில அடிகுழாய்த் தண்ணீர் நாக்கில் கரிக்கிறது. எவ்வளவு கரிக்கிறது?

இதை அளக்க அணு நிலையம் வேண்டாம். வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு குளோரைடையும், ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு கால்சியம், மக்னீசியத்தையும் அளக்கும் செய்முறை நம் பாடத்திலேயே உள்ளது. ஆண்டுதோறும் ஆய்வுக்கூடத்துக் குழாய் நீரையே அளந்து, சென்ற ஆண்டு அண்ணன்மார் எழுதிய விடையையே எழுதுகிறோம். வரும் ஆண்டு மரக்காணத்துத் தெருக்களிலிருந்து நூறு குப்பி நீர் கொண்டுவர நானும் வகுப்புத் தோழர் நால்வரும் தயார். வேதியியல் துறைப் பேராசிரியர்கள் அனுமதி தர வேண்டுகிறேன். ஒவ்வொரு குப்பியின் முடிவும் தமிழில் எழுதப்பட்டு, அது வந்த வீட்டுக்கே போய்ச் சேரும். அந்தப் பொறுப்பு என்னுடையது.