தலைமன்னார் தெரிகிறதா?



சென்ற மாதத்துப் பக்கத்தைப் படித்த சகோதரி ஒருவர், "ஆண்கள் மட்டும் தீவுக்குப் போய்க் கடற்கரையில் இளைப்பாறிவிட்டு வருவது எந்த விதத்தில் நியாயம்?" என்று கேட்டிருந்தார். என் வீட்டிலும் இதே கேள்வி இதைவிடக் கூர்மையாகக் கேட்கப்பட்டது. ஆகவே நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். மூவர் பாலக்காட்டுக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தவர்கள். மற்ற மூவர் இடுக்கி மலையின் மறையூர், மூணாறு, வண்டிப்பெரியாறு என்னும் ஊர்களிலிருந்து இறங்கியவர்கள். எல்லையோரத்தில் பிறந்தவர்களின் நிலை உங்களில் பலருக்குத் தெரியும். கேரளத்தில் நம்மைப் 'பாண்டி' என்பார்கள். சென்னைக்கு வந்தால் 'மலையாளத்தான்' என்பார்கள். அந்த ஒற்றுமையினாலேயே இருபது ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் ஓர் அறையில் ஆறு பாய்களை விரித்துப் படுத்தோம். இன்று சிலர் கோவையிலும் சிலர் பெங்களூரிலும் சிலர் சென்னையிலுமாகச் சிதறியிருக்கிறோம்.

முதலில் இலட்சத்தீவு என்றுதான் பேச்சு எழுந்தது. 2024 ஜனவரிக்குப் பிறகு எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள் அல்லவா? கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். அதற்கு முன் நுழைவு அனுமதி பெற வேண்டும். செலவும் எங்கள் கணக்குக்கு மேலே நின்றது. ஆயினும் ஐவர் சம்மதித்தோம். வண்டிப்பெரியாற்றுத் தோழர் மட்டும், "இராமேஸ்வரமும் தீவுதானே? அங்கே போகலாமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணக்குப் பிள்ளை நான். பணத்துக்கு அஞ்சிச் சொல்லுகிறார் என்று எண்ணி, அவருடைய பங்கை நினைவூட்டி இரண்டு முறை சற்றுக் காரமாகவே செய்தி அனுப்பினேன். முடிவில் அவர் விருப்பமே நிலைத்தது.

2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமையாய் அமைந்ததால் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. மதுரையில் கூடி வேன் பிடித்தோம். மீட்டர் கேஜ் காலத்தில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக இராமேஸ்வரத்துக்கு நேராக ரயில் ஓடியதைச் சித்தூர்த் தோழர் வழியெல்லாம் சொல்லி வந்தார். சிறு பிள்ளையாய் அதில் பிரயாணம் செய்தவர் அவர். ஜன்னல் இருக்கைக்காக அண்ணனோடு சண்டையிட்டதுதான் நினைவில் மிஞ்சியிருக்கிறதாம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் அனைவரும் பேச்சை நிறுத்தினோம். அருகிலேயே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலமும் நின்றன. பழையதில் கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரு கைகளைப்போல விரிந்து உயர்ந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. இந்தியாவில் இவ்வகைக் கடற்பாலம் இதுவே முதல்.

மறுநாள் காலை தனுஷ்கோடி. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அதற்கு முன்பு மீனவர்களின் வண்டிகளில் மணலில் ஆடி ஆடியே போக வேண்டும். இடிந்த தேவாலயச் சுவர்களையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்த்தோம். 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயல், பாம்பனிலிருந்து வந்த பயணி ரயிலை அதிலிருந்த அத்தனை பேரோடும் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அதன்பின் அவ்வூர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. சென்னையிலிருந்து 'போட் மெயில்' ஏறி வந்து, இங்கே கப்பல் மாறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போன காலம் அன்றோடு முடிந்தது.

அரிச்சல்முனையில் கடல் இருபுறமும் வேறு வேறு முகம் காட்டுகிறது. வடபுறத்தைப் பெண்கடல் என்றும் தென்புறத்தை ஆண்கடல் என்றும் அவ்வூரார் சொல்லுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் சீறும். வடகிழக்குப் பருவம் வந்தால் வடபுறம் பொங்கும். மலைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? நாம் அறிந்ததெல்லாம் மலம்புழை அணையும் தேக்கடி ஏரியும்தான். அந்த ஏரியும் சாதுவானதல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நம்மில் யார் மறந்தோம்?

ஆயினும் கொழிஞ்சாம்பாறைத் தோழர், "முழங்கால் அளவுதானே" என்று தென்புறத்தில் இறங்கிவிட்டார். குளிக்கத் தடை என்னும் பலகையை நாங்கள் எல்லாரும் படித்துத்தான் இருந்தோம். ஓர் அலை வந்து திரும்பியபோது அவர் காலடி மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை. சங்கு விற்கும் அம்மா ஒருவர் "ஆளைப் பிடிங்க ஐயா!" என்று அலறியதும் நாங்கள் மூவர் கைகோத்து இழுத்தோம். கண்ணாடி போயிற்று, கைப்பேசி போயிற்று, முழங்கை தோலுரிந்தது. ஐம்பதை நெருங்கும் மனிதர் மணலில் உட்கார்ந்து குழந்தையைப்போல நடுங்கினார். எங்களைத் தடுத்து நிறுத்த எவருடைய மனைவியும் அங்கே இல்லை. அந்தச் சகோதரியின் கேள்விக்கு இதையே என் பாதி விடையாக வைக்கிறேன்.

அந்தக் கலக்கத்தில் வண்டிப்பெரியாற்றுத் தோழர் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. தேடியபோது முனையின் கடைசியில் தனியே நின்று ஊருக்குக் காணொளி அழைப்புப் போட்டுக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய அப்பாயி.

இருபது ஆண்டுகள் ஒரே சட்டியில் சோறு தின்றும் நாங்கள் அறியாத கதை இது. அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தனுஷ்கோடி அழிவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று மனிதர்களைப் பங்கிட்டது அது. அப்பாயி இந்தியக் கணக்கில் வந்தார். அவருடைய ஒரே தங்கை இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி.' அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கடை வைக்க அரசு கொடுத்த கடன் தீர்ந்தது; கடை நிலைக்கவில்லை. கம்பம் வழியாகக் குமுளி மலையேறி, தெரிந்த ஒரே வேலையான கொழுந்து பறிப்புக்கே திரும்பினார். பின்னாளில் கப்பலும் நின்றது. தங்கை இறந்த செய்தி கடிதமாய் வந்து சேர ஒரு மாதம் பிடித்ததாம்.

"அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வா" என்று அப்பாயி கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் இராமேஸ்வரம் என்று அவர் பிடிவாதமாய் நின்றிருக்கிறார். நானோ பணக்கணக்குப் பார்த்தேன்.

நாங்கள் அருகில் போனபோது கைப்பேசியில் காற்றிரைச்சலுக்கு நடுவே அந்த முதிய குரல் கேட்டது:

"தலைமன்னார் தெரியுதா, ராசா?"

எதிரே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. வெறுங்கண்ணுக்கு எட்டும் தூரமும் அல்ல அது.

"தெரியுது அப்பாயி. நல்லாத் தெரியுது" என்றார்.

பொய் பேசலாகாது என்று இதே பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. நனைந்த உடையோடு நின்ற கொழிஞ்சாம்பாறைத் தோழர்தாம் முன்னே வந்து, "ஆமா அப்பாயி, மரமெல்லாம் தெரியுது" என்று சேர்த்துச் சொன்னார்.

ஞாயிறு காலை விடுதியின் மொட்டைமாடியில் நாங்களே கூடி ஆராதித்துவிட்டுப் புறப்பட்டோம். பொதுப்பணத்தில் 640 ரூபாய் மிஞ்சியது. அதில் ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி வாங்கி, வண்டிப்பெரியாற்றுக்குக் கொடுத்தனுப்பினோம்.