பெயரை மறைத்தால் போதுமா?

ஒரே தகுதி, வெவ்வேறு பெயர்கள். தனியார் நிறுவனங்களுக்கு இப்படி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வை 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் வெளியிட்டனர். ஆதிக்கச் சாதி இந்துப் பெயர்களைவிட தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது.

பெயரை மறைத்து விண்ணப்பிக்கும் முறை இந்த முதல் வாசலைத் திறக்கும், வரவேற்போம். ஆனால், சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்த தமிழ்நாட்டில் பெயரை வைத்துச் சாதியைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் நேர்காணலில் தோண்டுகிறார்கள்: "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?"

வேலைக்குத் தொடர்பில்லாத இந்தக் கேள்விகளைத் தடைசெய்ய வேண்டும். சாதி, தேர்வு செய்பவரின் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஆனால் கணக்கில் தெரிந்தாக வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், யாருக்கு வேலை கிடைத்தது என்று நிறுவனங்கள் சமூகவாரியாக வெளியிடட்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு ஏன் தேவை என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.