ஒலிப்பதிவும் கைநாட்டும்

தோட்டத்து முதியவர்களைத் தொலைபேசியிலும் இணையவழி அழைப்பிலும் பேட்டி கண்டு எழுதும் வழக்கம் நம் எழுத்தாளர்களிடையே பெருகி வருகின்றது. நல்ல காரியந்தான். கோல சிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் பால்மரக் காடுகள் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. அவற்றில் வாழ்ந்தோர் கிள்ளான், ரவாங், ஷா ஆலம் என்று பிள்ளைகள் சென்ற திசையெல்லாம் சிதறினர். இந்நிலையில், பாசிர் பெனம்பாங்கில் மீன்படகுகள் கட்டிக் கிடக்கும் கரையோரம் குடியிருந்துகொண்டு, கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி பெற்று எழுதும் ஒருவர், ஒவ்வொரு கிழவரையும் நேரிற் சென்று காண்பதென்பது பேருந்துக் கட்டணத்துக்கே கட்டுப்படியாகாது. ஆகவே அழைப்பின் வழியாகப் பேட்டி காண்பதைக் குறைகூற நாம் வரவில்லை. அவ்விதம் பேசப்படும் பேச்சு பிறகு என்னவாகின்றது என்று கேட்கவே வந்தோம்.

நம் எழுத்தாளர்களிற் பலர் அதைப் பதிவு செய்வதே இல்லை. "எமக்கு நினைவு போதும், யந்திரம் எதற்கு?" என்று பெருமை பேசுகின்றனர். இப்பெருமையின் பலனை அச்சிலே காணலாம். புக்கிட் ரோத்தானில் பிறந்த பாட்டியும், ஈஜோக்கில் மரம் சீவிய தாத்தாவும், ஜெராமில் மங்கு துடைத்த சிறுமியும் இவர்கள் கட்டுரையில் ஒரே நடையிற் பேசுகின்றனர். ஒரே இடத்திற் கண்ணீர் விடுகின்றனர். பாட்டி "தொரை" என்றாள். கட்டுரையில் அது "முதலாளி" ஆயிற்று. "பெரட்டு" என்றாள்; அது "காலை அணிவகுப்பு" ஆயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை என்றாள். 2007இல் அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியதல்லவா? எழுத்தாளர் அதையும் திருத்திவிட்டார்! அவள் வாயிலிருந்து வந்த சொல் எங்கே? அழைப்பு அறுந்தவுடன் அதுவும் காற்றோடு போயிற்று. எஞ்சியது எழுத்தாளரின் சொல். அதை அவள் பெயரில் வெளியிடுகின்றார்.

இது சிறு விஷயமென்று எண்ணுவோர் சயாம் இரயில் பாதையை நினைத்துப் பார்க்கட்டும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் சிலர் காவலர் கண்ணுக்கு மறைத்து நாட்குறிப்பு எழுதினர், சித்திரம் தீட்டினர். டன்லப் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரின் நாட்குறிப்பு 1986இல் நூலாகவே வந்தது. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் எத்தனை பேர்? மாண்டவர் எத்தனை பேர்? பல்லாயிரம் என்பதற்குமேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. எண்ணி வைத்தவரும் இல்லை. எழுதி வைத்தவரும் இல்லை. அக்காலத்தில் பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். தந்தை திரும்பி வராத கதையைத் தன் காதால் கேட்டுத் தன் கண்ணாற் கண்டவர் அவர் ஒருவரே. அத்தகையவர் அரைமணி நேரம் அழைப்பில் வந்து பேசுகையில், எதிரே இருப்பவர் நினைவுத் திறமையைப் பறைசாற்றிக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாரானால் அதை என்னவென்று சொல்வது?

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கதியும் ஏறக்குறைய இதுவே. துரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்பதும் அத்தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. அது நமக்குப் பெரும்பாலும் எவ்வழியாகத் தெரிகின்றது? அதிகாரிகள் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களின் வழியாகவே தெரிகின்றது. சைக்கிளிலிருந்து இறங்கியவன் அப்போது என்ன நினைத்தான் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

நிற்க. பதிவு செய்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் நாம் சொல்லவில்லை. மறைவாகப் பதிவு செய்யும் பேர்வழிகளும் உண்டு. "தெரிவித்தால் கூச்சப்படுவார்கள், தெரியாமல் இருந்தால் இயல்பாகப் பேசுவார்கள்" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். லயத்துச் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்டுத் துரையிடம் சொன்ன கங்காணிக்கும் இதே நியாயம் இருந்தது. கூச்சம் முதல் ஐந்து நிமிடத்திற்குத்தான். பேரன் பேத்தியைப் பற்றி நாலு வார்த்தை கேட்டால் அது தானே அகலும். அதற்குள் பொறுமை இழப்பவருக்குப் பேட்டி காணும் வேலை எதற்கு?

இன்னொரு கூட்டம் சட்டத்துக்கு அஞ்சி நடக்கும் கூட்டம். ஜூம் என்னும் செயலியிற் பதிவுப் பொத்தானை அழுத்தினால் பதிவு நடைபெறுகின்றதென்று அதுவே ஆங்கிலத்தில் அறிவித்துவிடும். "யந்திரம் சொல்லிவிட்டது, பாட்டி மறுக்கவில்லை, சம்மதம் கிடைத்துவிட்டது" என்று இவர்கள் திருப்தியடைகின்றனர். என்னே இவர்கள் நேர்மை! புரியாத பாஷையில் எழுதிய ஒப்பந்தத்தின் அடியிற் கைநாட்டு வாங்கி நம் முன்னோரைக் கப்பலேற்றிய முறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. நம் எழுத்தாளர்கள் அதைக் கணினியிற் புதுப்பிக்கின்றார்களா? "பாட்டி, நீங்கள் பேசுவதை நான் பிடித்து வைக்கப் போகிறேன், பத்திரிகையில் எழுதுவேன், வேண்டாமென்றால் இப்போதே சொல்லலாம், நாளைக்கும் சொல்லலாம்" என்று அவளுக்குப் புரியும் தமிழிற் கூறி, அவள் "சரி" என்பதையும் பதிவின் தொடக்கத்திலேயே பிடித்து வைப்பதற்கு அரை நிமிடங்கூட ஆகாது.

சாதனம் இல்லையே என்ற சாக்கும் செல்லாது. ஆண்டிராய்டுக் கைப்பேசிகளில் அழைப்பைப் பதிவு செய்துவந்த பல செயலிகளுக்கு கூகுள் நிறுவனம் 2022 மே மாதம் வழியடைத்தது உண்மை. கிழவர்கள் வாட்ஸ்அப் ஒன்றையே அறிவார்கள் என்பதும், அதில் அழைப்பைப் பதிவு செய்யும் பொத்தான் இல்லை என்பதும் உண்மை. ஆனால் வாட்ஸ்அப் அழைப்பைக் கணினியிற் பேசலாமே! ஓபிஎஸ் ஸ்டூடியோ என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. அது கணினியில் ஒலிக்கும் எதிர்முனைக் குரலையும், நம் ஒலிவாங்கியிற் புகும் குரலையும் வேறு வேறு தடங்களாகப் பிடித்துத் தரும். நாம் இருமினாலும் குறுக்கிட்டாலும் கிழவியின் சொல் கெடாது. ஜூமிலும் கணினியிற் பதிந்தால் பேசுவோர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு அமைக்கும் ஏற்பாடு உண்டு. பணம் கட்டாதவர்களின் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது. ஓபிஎஸ் எதிர்முனைக்கு யாதொரு அறிவிப்பும் செய்வதில்லை. ஆகவே அங்கே நாணயம் முழுவதும் எழுத்தாளரைச் சார்ந்தது. கணினியே இல்லாதவர் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து, அருகில் இன்னொரு கைப்பேசியைப் பதிவுக்கு வைத்தாலும் பாதகமில்லை. ஒலி சற்று மங்கும், அவ்வளவே.

பிடித்த கோப்பை எங்கே வைப்பது? அயல் நிறுவனத்தின் கிடங்கில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாய் உறங்குவோருக்கு ஸ்கைப்பின் கதையைச் சொல்வோம். உலகமெல்லாம் பேசிய அந்தச் சேவை 2025 மே 5ஆம் நாள் மூடப்பட்டது. தம் கணினியில் ஒன்று, வெளியே ஒரு தட்டில் ஒன்று, பேசியவரின் குடும்பத்தாரிடம் ஒன்று என மூன்று படிகள் வேண்டும். மூன்றாவதைத்தான் நாம் மிக வற்புறுத்துகின்றோம். அக்குரல் முதலில் அவர்களுடையது. நாளை அந்தத் தாத்தா மறைந்தால், எழுத்தாளரின் கட்டுரையைவிட அவர் குரலைத்தான் பேரப்பிள்ளைகள் தேடுவார்கள். சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய அரசாங்க வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, எழுத்துப்படியோடு நின்றுவிடாமல் குரலையே காத்து வருகின்றது. அவற்றுள் தமிழ்க் குரல்களும் உண்டு.

பேச்சை யந்திரமே எழுத்தாக்கித் தரும் என்ற ஆசையும் இப்போது பரவியிருக்கின்றது. 2022இல் வெளிவந்த விஸ்பர் போன்றவை தமிழையும் எழுத முயல்கின்றன. முதற்படிக்கு உதவட்டும், வேண்டாமென்போமில்லை. ஆனால் மலாய்ச் சொல்லும் தோட்டத்துத் தமிழும் பின்னிய பேச்சில் "பெரட்டு" என்பதை அது "புரட்டு" என்று எழுதினால் வியப்பதற்கில்லை. காதால் மறுபடி கேட்டுத் திருத்தாமல் அதை அப்படியே அச்சுக்கு அனுப்புபவர், முன் சொன்ன நினைவுப் பண்டிதருக்கு எவ்விதத்திலும் மேலானவரல்லர்.

இவ்வளவும் எழுத்தாளருக்குச் சொன்னோம். பத்திரிகை நடத்துவோருக்கும் ஒன்று உண்டு. ஒருமணி நேரப் பேச்சைச் சொல் பிசகாமற் கேட்டு எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். கட்டுரைக்கு மட்டும் கூலி கொடுத்து இவ்வேலைக்கு ஒன்றும் கொடாதிருந்தால், வயிற்றுப்பாட்டுக்கு எழுதுபவர் அதை விட்டுவிட்டுத் தம் கற்பனையையே நம்புவார். அவரை நாம் கண்டித்தாயிற்று. அவரை அந்நிலைக்குத் தள்ளுபவரை விட்டுவிடுவது எப்படி நியாயமாகும்? பேட்டிக் கட்டுரை வந்தால், பதிவு உண்டா, பேசியவரிடம் படி சேர்ந்ததா என்று ஆசிரியர்கள் முதலிற் கேட்கட்டும். உண்டென்றால், கேட்டெழுதிய மணிகளையும் எண்ணிக் காசு கொடுக்கட்டும்.