பிளெக்ஸில் இல்லாத எண்

காலை வணக்கக் கூட்டத்தில் விடாமுயற்சி பற்றிப் பேசாத தலைமை ஆசிரியர் இருக்க மாட்டார். திருக்குறளிலும் இதற்குப் பஞ்சமில்லை: ஊக்கமுடைமை, மடி இன்மை, ஆள்வினை உடைமை, இடுக்கண் அழியாமை என்று 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளைகள் மனப்பாடம் செய்து, அடி பிறழாமல் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளை கணக்கில் 28 எடுத்தால், 'உனக்கெல்லாம் கணக்கு வராது' என்று வகுப்பே கேட்கச் சொல்வதும் அதே கட்டடத்தில்தான்.

மன உறுதி என்பது ஏதோ பிறவிக்குணம், இருப்பவனுக்கு இருக்கும் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு அறிவியல் முத்திரையும் ஒரு காலத்தில் கிடைத்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார். இப்போதே தின்றால் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. பொறுத்திருந்தவர்கள் பின்னாளில் படிப்பில் முந்தினார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. சுயமுன்னேற்றப் பேச்சாளர்களுக்குப் பல வருடத்துக்குத் தீனி கிடைத்தது. 2018இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு இதை மீண்டும் ஆராய்ந்தார்கள். குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும், அந்தத் தொடர்பு பெருமளவு கரைந்துபோனது.

இதைவிடச் சுவையான சோதனை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செலஸ்ட் கிட் குழுவினர் 28 சிறு குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். 'நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன், பொறு' என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். ஒரு பிரிவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றதற்கு வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் தாங்கியது 3 நிமிடம்.

ஏமாந்த பிள்ளைகளிடம் உறுதி இல்லை என்று சொல்ல முடியுமா? ஆளைப் பார்த்து எடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் பள்ளிகளில் பி.டி. பீரியட் அட்டவணையில் இருக்கும். பாதி நாள் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். முழுப் பரீட்சை நெருங்கினால் சொல்லவே வேண்டாம். கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் கற்கிறார்கள். மாறாக, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியாற்றுவதோடு நிற்பதில்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன சாப்பாடு வரும் என்று ஒரு ஆறு வயதுக் குழந்தை தினமும் கண்டுகொள்வது எந்த நன்னெறி வகுப்புக்கும் குறைந்ததல்ல.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை மேடைதோறும் உதாரணம் காட்டுகிறோம். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. தாய் காய்கறி விற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். இந்தக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அந்தப் பீரியட் அந்தப் பள்ளியில் பறிபோகவில்லை.

உயரம் தாண்டுதலின் விதியும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு. வென்றவரும் பெரும்பாலும் குறுக்குக்கம்பை மேலும் உயர்த்தச் சொல்லி, தட்டிவிட்டுத்தான் களத்தை விட்டு வெளியேறுகிறார். தமிழக அரசின் துணைத்தேர்வு ஏற்பாடு ஏறக்குறைய இதே மனப்பான்மை கொண்டது: மே மாதம் தவறிய மாணவர் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரலாம். 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பைக் கைவிட்டதும் நல்ல முடிவு.

ஆனால் பள்ளி வாசல்களில் பிளெக்ஸ் தொங்குவது நிற்கவில்லை. 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்ற வாசகத்துக்குப் பின்னால் சில பள்ளிகளில் நடப்பது ஊரறிந்த ரகசியம். எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் காப்பு ஒன்பதாம் வகுப்பில் இல்லை. பெற்றோரை அழைத்து, 'வேறு பள்ளி பாருங்கள்' என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுகிறார்கள். பின்தங்கிய பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே கழற்றிவிடும் பள்ளி, விடாமுயற்சி பற்றிப் பேச்சுப்போட்டி நடத்துவது வேடிக்கைதான்.

பிளெக்ஸைத் தடை செய்ய வேண்டியதில்லை. அதில் இன்னொரு எண்ணையும் கட்டாயமாக்கலாம்: ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் கொடுத்து வைத்திருக்கும் கல்வித் துறைக்கு இந்தக் கணக்கை எடுப்பது பெரிய வேலையல்ல.