முதல் பத்து நிமிடம்



இலை உதிர்ந்த ரப்பர் மரங்கள் தளிர்விடும்போது மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் தேன் பருவம் தொடங்கிவிடும். அதற்கு முன்பே தேனீ வளர்ப்புப் பயிற்சிகளுக்கான அழைப்பிதழ்கள் எங்கள் இதழின் மேசைக்கு வந்துவிடுகின்றன. இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைக்கு நான்கு பேர். பயிற்சி எங்கே என்று தேடினால் கடைசி வரியில் இருக்கிறது.

பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வருகிறவர்கள். இரண்டாவது வாழ்த்துரையிலேயே கண் சொக்கிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

பேசுவதைவிடச் செய்து காட்டுவதே நல்லது என்பது மார்த்தாண்டத்துக்குப் புதிய பாடமல்ல. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்தினார். மரப்பெட்டியில் தேனீ வளர்ப்பு, நல்லினக் கோழி எல்லாமே அங்கே செய்து காட்டிக் கற்பிக்கப்பட்டவை. மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறதென்றால், அந்தப் பெட்டிகளுக்கும் அதில் பங்குண்டு.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பெட்டியைத் திறந்து தொடங்குங்கள். லேசாகப் புகை காட்டி, ஒரு சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பிறகு, எல்லோருக்கும் பதில் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். “அக்கா, உங்க விளையில ரப்பர் எப்பம் தளிர் விடும்?” அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவரும் வாய் திறப்பார். மலையோரத்துக்காரர் ஒன்று சொல்வார், கீழ்ப்பகுதிக்காரர் இல்லை என்பார். அந்த வாக்குவாதத்துக்குள்ளேயே பாடம் நுழைந்துவிடும். ரப்பர் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது என்று அப்போது சொல்லிப் பாருங்கள். காலங்காலமாக அந்த மரத்தடியில் நடந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கொட்டும் என்ற பயத்தையும் தொடக்கத்திலேயே பேசவிடுவது நல்லது. கேட்காமல் விட்டால் அந்தப் பயம் சாயங்காலம்வரை கூடவே உட்கார்ந்திருக்கும்.

தெரிந்ததிலிருந்து தொடங்கும் இந்தச் சூட்சுமம், 1990-களில் வயதுவந்தோருக்கு எழுத்தறிவித்த அறிவொளி இயக்கத் தொண்டர்களுக்குத் தெரிந்திருந்தது. முதலில் பாட்டும் வீதி நாடகமும். பிறகு ஒரு படம், அதைப்பற்றிய பேச்சு. எழுத்து அதற்கும் பிறகுதான். தொலைதூரப் பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெயிரே 1963-இல் ஆஞ்சிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு எழுத்தறிவித்ததும் இதே போக்கில்தான். கற்பவரின் அன்றாட வாழ்க்கைச் சொற்களே அங்கே பாடமாயின. வயதுவந்தவர் வெற்றுப் பலகையோடு வருவதில்லை என்பதை அறிவொளித் தொண்டர்களும் ஃப்ரெயிரேயும் அறிந்திருந்தார்கள்.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதையும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். முதலிலேயே எழுப்பி நிறுத்தினால் பல பெண்களுக்குக் குரல் எழும்புவதில்லை. அதற்கு முன் ஒரு கட்டன் சாயா கொடுங்கள். விருந்தினர்களின் வாழ்த்துரையா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உறங்குவதற்கு உகந்த நேரம் அது.

பயிற்சி நடத்தும் வாசகர்களே, உங்கள் முதல் கேள்வி என்ன, அதற்கு வந்த பதில் என்ன என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பொன்னாடைப் படங்களுக்கு மட்டும் இடமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்