போர்டில் இருக்கும் டாக்டர் யார்? மும்பைத் தேர்தலில் அமுங்கிப்போன கேள்வி

மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15-ந் தேதி தேர்தல் நடந்து முடிந்தது. 227 வார்டுகளுக்கும் கார்ப்பரேட்டர்கள் வந்துவிட்டார்கள். பிரசாரத்தின் பெரும்பகுதியை மேயர் யார், மராத்தியர் உரிமை, தாராவி மறுசீரமைப்பு ஆகியவையே பிடித்துக்கொண்டன. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கோவண்டியிலும் வாழும் உழைப்பாளி மக்களை அன்றாடம் தொடும் ஒரு கேள்வி அதில் அமுங்கிப்போயிற்று. காய்ச்சல் என்று போய் உட்காரும் தெருமுனை கிளினிக்கில் ஊசி போடுகிறவர் யார்? அவருக்கு அந்த உரிமையைத் தந்தது யார்?

கட்டில் இருந்தால்தான் பதிவு

மகாராஷ்டிரத்தில் ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்யும் நர்சிங் ஹோம் சட்டம் 1949-ல் வந்தது. மும்பையில் அதை அமல் செய்யும் பொறுப்பு மாநகராட்சிக்கு உண்டு. ஆனால் நோயாளியைப் படுக்கவைக்கும் இடங்களுக்குத்தான் அந்தச் சட்டம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை வைத்து நடத்தும் கிளினிக் அதற்குள் வராது.

இந்தக் குறையைப் போக்கவே 2010-ல் மத்திய அரசு மருத்துவ நிலையங்கள் சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. மகாராஷ்டிரம் அதை ஏற்கவில்லை. கர்நாடகத்தில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி சிறு கிளினிக்கும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. சட்டம் போடுவது ஒன்று, நடத்துவது வேறு என்பதற்கு அதுவே சாட்சி.

ஆக, மும்பையில் கிளினிக் என்கிற இடத்துக்குக் கேள்வி இல்லை. டாக்டர் என்கிற ஆளுக்கு மட்டுமே கேள்வி. அதைக் கேட்க வேண்டியவை மாநில கவுன்சில்கள். அலோபதிக்கு ஒன்று, ஆயுர்வேதத்துக்கு ஒன்று, ஓமியோபதிக்கு ஒன்று. பதிவே இல்லாதவர் அலோபதி வைத்தியம் பார்த்தால், 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ கமிஷன் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலி டாக்டர்களைப் பிடிக்கக் கமிட்டிகளும் உண்டு. ஆனால் புகார் வந்தால்தான் வேலை நடக்கும். கடன் சொல்லி மருந்து வாங்கும் குடும்பம் யார் மேல் புகார் கொடுக்கும்?

ஆட்சி மாறியது, முடிவு மாறவில்லை

இதற்கு நடுவே இன்னொரு விவகாரம். ஓமியோபதி படித்தவர்கள் ஓராண்டுப் பயிற்சி பெற்று அலோபதி மருந்து எழுதலாம் என்று 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அது சட்டசபைத் தேர்தல் ஆண்டு. காங்கிரஸ் - தேசியவாத காங்கிரஸ் ஆட்சி. இந்திய மருத்துவச் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போயிற்று.

பின்னர் ஆட்சிகள் மாறின. 2025-ல் பா.ஜ.க. கூட்டணி ஆட்சி அதே திட்டத்தைக் கையில் எடுத்தது. பயிற்சி முடித்தவர்களைத் தனிப் பதிவேட்டில் சேர்க்க உத்தரவு வந்தது; எதிர்ப்பு வந்ததும் நிறுத்தப்பட்டது; கமிட்டி போடப்பட்டது; மறுபடியும் பச்சைக்கொடி காட்டப்பட்டது. செப்டம்பர் 18-ந் தேதி அலோபதி டாக்டர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் குடிசைப் பகுதிக்கும் கிராமத்துக்கும் வருவதில்லை, வருகிறவர்களையாவது முறைப்படுத்துவோம் என்கிறது ஒரு பக்கம். ஐந்தரை ஆண்டுப் படிப்பை ஓராண்டில் எப்படி ஈடுகட்டுவது என்கிறது மறுபக்கம். இரண்டையும் எடைபோட வேண்டிய கட்சிகள், எந்தச் சங்கம் அதிகமாகக் குரல் கொடுக்கிறது என்று பார்த்து முன்னும் பின்னும் நடந்தன. நோயாளிக்கு மட்டும் சங்கம் இல்லை.

இது வெறும் வாதம் அல்ல. மும்பையில் 1992-ல் காய்ச்சல் கண்ட ஓர் இளைஞருக்கு ஓமியோபதி டாக்டர் ஒருவர் அலோபதி மருந்து கொடுத்தார். இளைஞர் இறந்தார். மனைவி விடாமல் வழக்காடினார். தெரியாத வைத்தியத்தைச் செய்வதே கவனக்குறைவு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது.

முகாம் போதுமா?

தேர்தல் நெருங்கினால் தெருவுக்குத் தெரு மருத்துவ முகாம் முளைக்கும். இலவச சர்க்கரைப் பரிசோதனை, இலவசக் கண்ணாடி. பந்தலில் தலைவர் படம், பக்கத்தில் உள்ளூர் டாக்டர். தெரு முழுக்கத் தெரிந்த டாக்டர் எந்தக் கட்சிக்கும் வேண்டியவரே. அவரிடம் பதிவு எண்ணைக் கேட்கும் துணிவு ஓட்டுக் கேட்டு வருபவருக்கு எங்கிருந்து வரும்?

2022 மார்ச் முதல் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் மாநகராட்சியில் கார்ப்பரேட்டர்களே இல்லை, அதிகாரி ஆட்சிதான். இப்போது வந்திருக்கிறார்கள். மருத்துவச் சட்டத்தை அவர்களால் மாற்ற முடியாது. ஆனால் வார்டில் உள்ள கிளினிக்குகளின் பட்டியலைச் சுகாதார அதிகாரியிடம் கேட்கலாம். எத்தனை பேரின் பதிவு சரிபார்க்கப்பட்டது என்று வார்டு கமிட்டியில் கேட்கலாம். 2022 நவம்பரில் தொடங்கிய ஆப்லா தவாகானாக்கள் இரவு 10 மணி வரை உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா, டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்கலாம். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்கு அரசு டாக்டர் கிடைத்தால், போலியின் வாசலில் கூட்டம் தானே குறையும்.

மக்கள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. டாக்டரின் பதிவு எண் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் இருக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு விதி. எந்த கவுன்சிலின் எண் என்று பார்த்தால் அவர் படித்த வைத்தியம் எது என்பதும் தெரிந்துவிடும். கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார்.

வீடு தேடி வந்து ஓட்டு வாங்கிப்போனவர்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பதவி இருக்கிறது. அடுத்த முகாமுக்கு அழைப்பு வரும்போது, எங்கள் வார்டு கிளினிக் பட்டியல் எங்கே என்று கேட்பதுதான் முறை.