ஸலாம் சொன்னவர் என்பதற்காகவா பணம் அனுப்பினோம்?

சென்ற நோன்பில் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு ஓர் அபாயா வாங்க எண்ணினோம். சமூக வலைத்தளம் ஒன்றில் கண்ட கடையில் விலை 1,850 ரூபாய். விற்பவர் ஒவ்வொரு செய்தியையும் ஸலாமில் தொடங்கி துஆவில் முடித்தார். முழுத்தொகையையும் யுபிஐ வழியே முன்னதாக அனுப்ப வேண்டும் என்றார்; அனுப்பினோம். மூன்றாம் நாள் எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். பெருநாள் வந்தது, அபாயா வரவில்லை.

இழந்தது பெருந்தொகையன்று. ஆனால் கடையின் முகவரி என்ன, பொருள் பிடிக்காவிட்டால் திருப்பி வாங்குவார்களா என்று நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ‘நம்மவர்தானே’ என்ற எண்ணமே போதுமென இருந்துவிட்டோம்.

பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வது மார்க்கம் கற்பித்த பண்பு. அதே மார்க்கம்தான் கொடுக்கல் வாங்கலில் தெளிவையும் வலியுறுத்துகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பழங்களுக்கு ஆண்டுக்கணக்கில் முன்பணம் கொடுத்து வந்தனர். அதனை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்க வேண்டும் என்றே கட்டளையிட்டார்கள். முன்பணம் தவறில்லை, தெளிவில்லாத முன்பணமே ஆபத்து.

யுபிஐயில் பணம் நொடியில் விற்பவரின் கணக்கைச் சேர்ந்துவிடுகிறது. ரகசிய எண்ணை இட்டவர் நாமே என்பதால், நம் அனுமதியின்றிப் பணம் போனதாக வங்கியிடம் கூற இயலாது. ஆகவே அறியாத விற்பனையாளருக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதே எல்லாவற்றிலும் பலவீனமான வழி.

பெரிய விற்பனைத் தளங்களில் வாங்கும்போது அத்தளத்தின் உள்ளேயே பணம் செலுத்துவோம். அப்போதுதான் ஆர்டருக்குப் பதிவு இருக்கும். திருப்பி அனுப்பும் விதிகளும் பொருந்தும். “இங்கே ரத்து செய்துவிட்டு எனக்கு நேரே அனுப்புங்கள், 100 ரூபாய் குறைத்துத் தருகிறேன்” என்று ஒருவர் சொன்னால், அந்தப் பாதுகாப்பிலிருந்து நம்மை வெளியே இழுக்கிறார் என்று பொருள்.

பொருள் வந்தபின் பணம் தரும் முறை நல்லது. எனினும் பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகே பொதியைப் பிரிக்க முடிகிறது. பிரிப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைப்பது உதவும். வட்டிக்கு அஞ்சிக் கிரெடிட் கார்டைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். டெபிட் கார்டில் செலுத்தினாலும், பொருள் வரவில்லையெனில் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரும் வழி உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். இணையக் கொள்முதலுக்கெனச் சிறுதொகை மட்டும் உள்ள தனிக் கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

வீட்டில் உள்ள பழைய பொருளை விற்கும்போதும் கவனம் தேவை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் இடவோ, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ வேண்டியதில்லை. அப்படிக் கேட்பவர் பணம் தர வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார்.

வீட்டிலிருந்தே தைத்து விற்கும் நம் சகோதரிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அனுப்பிய பொருளை வாங்காமல் திருப்பிவிட்டால் கூலியும் துணியும் அவர்களுக்கு நட்டம்; முன்பணம் கேட்பது நியாயமே. அவர்கள் பாதித்தொகையை மட்டும் முன்னதாகப் பெற்று, முகவரி, அளவு, அனுப்பும் தேதி ஆகியவற்றை எழுத்தில் தரலாம். நேர்மையானவர் இதனைச் சுமையாகக் கருதமாட்டார். ஏமாற்றுபவரிடமிருந்து அவரை வேறுபடுத்திக் காட்டுவதே இந்தத் தெளிவுதான்.

ஏமாந்துவிட்டால், தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். விரைந்து சொன்னால் பணம் கைமாறுவதற்குள் முடக்கப்பட வாய்ப்புண்டு. நாங்களோ வெட்கத்தால், “சபூர் செய்வோம்” என்று வாளாவிருந்தோம். அது பொறுமையன்று என்பது பிறகே புரிந்தது. நாங்கள் மௌனமாக இருந்த நாட்களில், அதே நபர் இன்னொரு வீட்டுக்கும் ஸலாம் சொல்லியிருப்பார்.

நம் உழைப்பின் பணமும் ஓர் அமானிதமே. அதைப் பேணும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.